மீடியாவிக்கியும் மரியாடிபியும்: தமிழில் ஒரு விக்கியை அடித்தளத்திலிருந்து நிறுவுதல்

ஒரு கரையில் சாளை என்று சொல்லும் மீனுக்கு அடுத்த கரையில் மத்தி என்று பெயர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு இருக்கும் பெயர்களும் ஊருக்கு ஊர் கொஞ்சம் பொருள் நகர்ந்துகொண்டே போகும். இப்படிப்பட்ட கடற்கரைச் சொற்களைத் தொகுக்க நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தபோது எக்செல் தாளில்தான் எழுதத் தொடங்கினோம். மூன்று மாதத்தில் அந்தத் தாள் ஐந்து பிரதிகளாகிவிட்டது. எது கடைசிப் பிரதி, யார் எதைத் திருத்தினார்கள் என்று எங்களுக்கே தெரியவில்லை. அதன் பிறகுதான் விக்கிக்கு, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளத்துக்கு, வந்தோம். மீடியாவிக்கி அதை ஓட்டும் நிரல், மரியாடிபி அதன் பக்கங்களைச் சேமிக்கும் தரவுத்தளம்.

நிறுவும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் தமிழ் அந்தத் தரவுத்தளத்துக்குள் எப்படிப் பதிகிறது, எப்படி அகரவரிசைப்படுகிறது, தேடினால் எப்படிக் கிடைக்கிறது, சர்வர் போய்விட்டால் எப்படித் திரும்பி வருகிறது என்ற நான்கையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். பக்கங்கள் ஆயிரத்தைத் தாண்டிய பிறகு இவற்றைச் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் இந்த வழிகாட்டியில் நிறுவலைச் சுருக்கமாகவும் தரவுத்தளத்தை நிதானமாகவும் சொல்கிறேன்.

கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். மீடியாவிக்கியின் அமைப்புகள், கோப்புகள், நிரல்கள், நீட்சிகள் ஆகியவற்றின் பெயர்களில் மட்டும் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுபடும், அதன் ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

எதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு?

2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது அது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலில் ஓடியது. பக்கங்கள் வெறும் கோப்புகளாகக் கிடந்தன. கட்டுரைகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 2002 ஜனவரியில் மேக்னஸ் மான்ஸ்கே பிஎச்பியில் எழுதிய புதிய நிரலுக்கு மாறினார்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் உள்ளே வந்தது அப்போதுதான். அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் க்ராக்கர் அதைத் திரும்ப எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய மீடியாவிக்கி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதில்தான் ஓடுகிறது. பகுப்பு (பக்கங்களின் வகை), வார்ப்புரு (பல பக்கங்களில் சேர்க்கும் பொது உரை), வழிமாற்று (வேறொரு பக்கத்துக்கு அனுப்பும் பக்கம்) என்று அங்கே பழகிய சொற்கள் உங்கள் சொந்த விக்கியிலும் அப்படியே கிடைக்கும். தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக இடைமுகத்தை மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். நான் மீடியாவிக்கியைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் அந்த உழைப்பு.

தரவுத்தளமாக மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய நான்கையும் மீடியாவிக்கி ஏற்கும். நீங்கள் ஒருவரே குறிப்பெழுதப் போகிறீர்கள் என்றால் எஸ்க்யூலைட் போதும். எல்லாம் கோப்புகளில் இருக்கும், தனியாக ஒரு சர்வர் நிரல் தேவையில்லை. பலர் ஒரே நேரத்தில் எழுதப் போகிறார்கள் என்றால் மரியாடிபியை எடுங்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவே 2013இல் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து மரியாடிபிக்கு மாறியது. நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) எழுதுபவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தில்தான்.

சர்வரும் மென்பொருள்களும்

டெபியன் 12 (இயங்குதளம்), அப்பாச்சி 2.4 (பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் நிரல்), பிஎச்பி 8.2, மரியாடிபி 10.11, மீடியாவிக்கி 1.43 ஆகிய கூட்டை வைத்துச் சொல்கிறேன். 1.43 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2024 டிசம்பரில் வந்தது, 2027 டிசம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்கு பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். சிறு குழுவின் விக்கிக்கு 2 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வர் தாராளம்.

டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக அப்பாச்சி2, மரியாடிபி-சர்வர், பிஎச்பி, அப்பாச்சிக்கான பிஎச்பி தொகுதி ஆகியவற்றை நிறுவுங்கள். கூடவே பிஎச்பியின் மைஎஸ்க்யூஎல், எக்ஸ்எம்எல், எம்பிஸ்ட்ரிங், இன்டிஎல், ஏபிசியு ஆகிய ஐந்து துணைப் பொதிகளும் வேண்டும். படங்களின் சிற்றுருவங்களுக்கு இமேஜ்மேஜிக். இவற்றில் இன்டிஎல்லை மறக்கவே கூடாது. தமிழ் அகரவரிசை அதை நம்பித்தான் இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தரவுத்தளத்தை உருவாக்குதல்

டெபியனில் மரியாடிபியின் ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனருக்குக் கடவுச்சொல் கிடையாது. சர்வரின் ரூட்டாக நீங்கள் இருந்தால் உள்ளே விடும். ஆகவே சுடோ மரியாடிபி என்று தட்டினால் நேராக உள்ளே போய்விடலாம். முதலில் மரியாடிபி-செக்யூர்-இன்ஸ்டாலேஷன் என்ற கருவியை ஓட்டி, பெயரில்லாத பயனரையும் சோதனைத் தரவுத்தளத்தையும் நீக்கிவிடுங்கள்.

பிறகு மூன்று வரிகள். கிரியேட் டேட்டாபேஸ் என்று தொடங்கி விக்கிக்கென ஒரு தரவுத்தளம். ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைக்கோடு இல்லாமல் பெயர் வையுங்கள். கிரியேட் யூசர் என்று தொடங்கி ஒரு பயனர். பெயருக்குப் பின் அட் குறியிட்டு லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அதே சர்வரிலிருந்து மட்டும்தான் அவர் நுழைய முடியும். மூன்றாவது வரி கிராண்ட் ஆல் பிரிவிலெஜஸ். இதில் தரவுத்தளத்தின் பெயரை எழுதி, புள்ளி வைத்து, அதன் பிறகு நட்சத்திரக் குறி போடுங்கள். அவசரத்தில் புள்ளிக்கு முன்னும் நட்சத்திரம் போட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த விக்கிப் பயனருக்குச் சர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களும் திறந்துவிடும். விக்கி உடைந்தால் கூடவே மற்றவையும் போகும்.

கோப்புகளும் நிறுவியும்

மீடியாவிக்கியின் டார் கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, இணையக் கோப்புறைக்குள் டபிள்யூ என்ற ஓரெழுத்துக் கோப்புறையில் விரியுங்கள். பக்கங்களின் முகவரியில் விக்கி என்ற சொல் வரட்டும் என்றால் உண்மையான கோப்புறைக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது, இரண்டும் மோதும். இமேஜஸ் கோப்புறையை மட்டும் அப்பாச்சி ஓடும் பெயரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனருக்கு உரிமையாக்குங்கள். மற்றவற்றில் சர்வர் எழுத வேண்டியதில்லை. அந்த இமேஜஸ் கோப்புறைக்குள் பிஎச்பி இயங்காதபடி அப்பாச்சியில் தடையும் போடுங்கள். யாராவது படம் என்ற பெயரில் நிரலைப் பதிவேற்றினால் அது ஓடாது.

உலாவியில் உங்கள் முகவரிக்குப் போனால் நிறுவி தொடங்கும். மொழியைக் கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மொழி, விக்கியின் மொழி என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதுதான் பெயர்வெளிகளை (பக்கத் தலைப்புக்கு முன் வரும் வகைப் பெயர்களை) முடிவு செய்யும்: பகுப்பு, வார்ப்புரு, பேச்சு என்று எல்லாம் தமிழில் வரும். தரவுத்தள வகை மரியாடிபி, புரவலன் (தரவுத்தளம் இருக்கும் கணினி) லோக்கல்ஹோஸ்ட், பிறகு நீங்கள் உருவாக்கிய பெயரும் பயனரும் கடவுச்சொல்லும். அட்டவணைகளுக்கு முன்னொட்டு கேட்கும். தனித் தரவுத்தளம் என்பதால் வெறுமையாக விடுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் பத்து எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. தற்காலிகச் சேமிப்புக்கு ஏபிசியுவைத் தேர்ந்தெடுங்கள். யார் தொகுக்கலாம் என்ற கேள்விக்கு முதலில் அனுமதி பெற்றவர்கள் மட்டும் என்றே வையுங்கள். திறப்பதைப் பிறகு பார்க்கலாம்.

முடிவில் லோக்கல்செட்டிங்ஸ்.பிஎச்பி என்ற கோப்பு இறங்கும். அதை டபிள்யூ கோப்புறைக்குள் வையுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் அதற்குள் திறந்த எழுத்தில் இருப்பதால், ரூட் எழுதலாம், சர்வரின் குழு படிக்கலாம், வேறு யாரும் தொடக் கூடாது என்று அனுமதியை 640 ஆக மாற்றுங்கள். இனி எல்லா மாற்றங்களும் இந்த ஒரு கோப்பில்தான். இதிலுள்ள அமைப்புகள் டாலர் குறியில் தொடங்கி, டபிள்யூ, ஜி என்ற இரண்டு எழுத்துகளோடு வரும். அவற்றை ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதாமல் அந்த இரண்டெழுத்துக்குப் பின் வரும் பெயரை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பக்கம் எங்கே இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமலும் விக்கியை ஓட்டலாம். ஆனால் ஒருநாள் ஏதாவது உடையும். அன்று இது கைகொடுக்கும். கட்டுமரம் என்று ஒரு பக்கம் எழுதிச் சேமிக்கிறீர்கள். பேஜ் என்ற அட்டவணையில் தலைப்புக்கு ஒரு வரி விழும். அந்த வரியில் உரை இல்லை, கடைசித் திருத்தத்தின் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ரிவிஷன் அட்டவணைக்குப் போனால் எப்போது திருத்தினார்கள் என்பது கிடைக்கும். திருத்தியவரின் விவரம் ஆக்டர் அட்டவணையில். ரிவிஷனிலிருந்து ஸ்லாட்ஸ், அதிலிருந்து கன்டென்ட், அதிலிருந்து டெக்ஸ்ட். கட்டுமரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய சொற்கள் அந்தக் கடைசி அட்டவணையில்தான் இருக்கின்றன.

சுற்றி வளைப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒருவர் பக்கத்தைத் திருத்தும்போது பழைய உரை அழிவதில்லை. புதிய வரிகள் சேருகின்றன, பேஜ் அட்டவணையில் ஓர் எண் மாறுகிறது. எண்பது வயது மீனவர் சொன்ன பொருளை வேறொருவர் அழித்துவிட்டால் ஒரே சொடுக்கில் திருப்பிக் கொண்டுவர முடிவது இதனால்தான். எங்கள் எக்செல் தாளுக்கு இல்லாமல் போனது இது.

தமிழ் பைட்டுகளாக

மீடியாவிக்கி தலைப்புகளையும் உரையையும் எழுத்துகளாகச் சேமிப்பதில்லை. வெறும் பைட்டுகளாகச் சேமிக்கிறது. அட்டவணைகளைத் திறந்து பார்த்தால் தலைப்பின் வகை வார்பைனரி 255 என்று இருக்கும். இதைக் கண்டு யாரும் யூடிஎஃப்8க்கு (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைக்கு) மாற்ற முனையாதீர்கள். பழைய மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்று பெயர் பெற்றிருந்தது எழுத்துக்கு மூன்று பைட்டுகளை மட்டுமே ஏற்கும். வழக்கமான தமிழ் எழுத்துகள் அதில் அடங்கும். ஆனால் முந்திரி என்ற 1/320க்கும் மற்ற பழைய பின்னங்களுக்கும் 2019இல் யூனிகோட் 12 கொடுத்த குறிகள் நான்கு பைட்டுகள் கேட்பவை. நில ஆவணச் சொற்களைத் தொகுப்பவர்களுக்கு அவை தேவைப்படும். பைட்டாக வைத்தால் எல்லாம் பத்திரம்.

இதன் விலை ஒன்று உண்டு. தலைப்புக்கு 255 பைட்டுகள்தான். ஆங்கிலத்தில் அது 255 எழுத்துகள். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட்டுகள் எடுப்பதால் 85 குறிகள். கட்டுமரம் என்பது நம் கணக்கில் ஆறு எழுத்துகள். உகரக் குறியையும் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒன்பது குறிகள். சேமிப்பில் 27 பைட்டுகள். ஆகவே ஐம்பது எழுத்துகளைத் தாண்டினாலே எல்லை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழமொழி முழுவதையும் தலைப்பாக வைக்க நினைத்தால் இடிக்கும். முதல் இரண்டு சொற்களைத் தலைப்பாக்கி முழுவதையும் உள்ளே எழுதுங்கள்.

இன்னொன்றும் தமிழுக்கே உரியது. கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டி எழுதிய கொ, ஒரே குறியாக எழுதிய கொ இரண்டையும் மீடியாவிக்கி சேமிக்கும் முன்பே ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔ என்ற உயிரெழுத்தையும், ஒ எழுதி அருகில் ளகரம் சேர்த்ததையும் அது வேறு வேறாகத்தான் பார்க்கும். ஸ்ரீயும் அப்படியே: ஸகரத்தில் எழுதியதும் ஶகரத்தில் எழுதியதும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு. ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் இருப்பதாகத் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சரியானதை வைத்துக்கொண்டு மற்றதை வழிமாற்றாக்குங்கள். மத்தியிலிருந்து சாளைக்கும் நெத்தலியிலிருந்து நெத்திலிக்கும் இதே வழிமாற்றுதான்.

அகரவரிசை

மாற்றாமல் விட்டால் பகுப்புப் பக்கங்கள் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கப்படும். அந்த வரிசையில் நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், பிறகு ல, ள, ழ, வ. மனம் மரத்துக்கு முன்னால் வந்துவிடும். வள்ளம் வழிக்கு முன்னால் நிற்கும். ய ர ல வ ழ ள ற ன என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது அகராதியே அல்ல. சொற்களைத் தொகுக்கும் விக்கியில் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

லோக்கல்செட்டிங்ஸில் கேட்டகரிகொலேஷன் என்ற அமைப்புக்கு யூசிஏ, இடைக்கோடு, டிஏ என்று மதிப்புக் கொடுங்கள். இதைக் கணக்கிடுவதுதான் முன்னே சொன்ன இன்டிஎல். பிறகு டபிள்யூ கோப்புறையிலிருந்து மெயின்டெனன்ஸ் கோப்புறையின் ரன்.பிஎச்பி வழியாக அப்டேட்கொலேஷன் என்ற நிரலை ஒருமுறை ஓட்டுங்கள். அது கேட்டகரிலிங்க்ஸ் அட்டவணையில் உள்ள வரிசைத் திறவுகள் அனைத்தையும் புதிதாக எழுதும். நூறு பக்கங்கள் இருக்கும்போது நொடியில் முடியும் வேலை.

தேடல்

மீடியாவிக்கியோடு வரும் தேடல் முழுச் சொற்களைத்தான் பொருத்தும். மரம் என்று தேடினால் மரத்தில், மரங்கள் வராது. வேற்றுமை உருபு ஏற்கும் மொழிக்கு இது பெரிய குறை. எங்கள் குழுவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது எளிய வழி: சொல்லின் மாறாத பகுதியை எழுதி நட்சத்திரக் குறி போடுங்கள். மர என்று எழுதிக் குறியிட்டால் மரமும் வரும், மரத்தையும் வரும். பக்கங்கள் பல ஆயிரமானால் எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் நிரலும் அதை விக்கியோடு இணைக்கும் சிரஸ்சர்ச் நீட்சியும் இருக்கின்றன. ஆனால் அவை தின்னும் நினைவகம் அதிகம். 2 ஜிபி சர்வரில் வைக்காதீர்கள்.

எழுத வருபவர்களுக்காக

விஷுவல்எடிட்டர் கூடவே வருகிறது. லோட்எக்ஸ்டென்ஷன் வரி ஒன்றால் இயக்கிவிடலாம். விக்கிக் குறிகளைக் கற்காமலே பெரியவர்கள் எழுத அது போதும். யூனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் நீட்சியைத் தனியே இறக்கிச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் உரைப்பெட்டியிலேயே கிடைக்கும். நூலகக் கணினியிலோ கடைக் கணினியிலோ உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு இது பேருதவி.

பொதுமக்களுக்குத் திறக்கும் நாளில் எரிதம் (ஸ்பேம்) எழுதும் நிரல்கள் வந்து குவியும். கன்ஃபர்ம்எடிட் நீட்சியும் உடன் வருகிறது. அதன் குவெஸ்டிகேப்சா பகுதியில் நீங்களே கேள்வி எழுதி வைக்கலாம். நெத்திலியை வெயிலில் காயவைத்தால் கிடைப்பதற்கு என்ன பெயர் என்று தமிழில் கேளுங்கள். எங்கள் விக்கியில் பதிவுகளைக் குப்பையாக்கியவை பெரும்பாலும் அதோடு நின்றன.

பின்னணி வேலைகளையும் இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். ஒரு வார்ப்புருவைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் எல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த வேலைகள் வரிசையில் நிற்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது ஒன்று ஓடும். ஜாப்ரன்ரேட்டைச் சுழியமாக்கி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் வழியாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரன்ஜாப்ஸ் நிரலை ஓட்டினால் வாசகரைக் காக்கவைக்காது.

நகலெடுத்தல்

மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் நகல்: தரவுத்தளம், இமேஜஸ் கோப்புறை, லோக்கல்செட்டிங்ஸ். தரவுத்தளத்துக்கு மரியாடிபி-டம்ப் கட்டளை. அதோடு சிங்கிள்-டிரான்சாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எழுதுபவர்களை நிறுத்தாமல் ஒரு நொடியின் முழு நிலையை எடுக்கும். ஹெக்ஸ்-பிளாப் விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள். பைட்டுகள் எண்ணாக எழுதப்படுவதால் வழியில் எந்த நிரலும் அவற்றை எழுத்தென்று நினைத்து மாற்ற முடியாது. கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. அதை அதே சர்வரில் விட்டுவைக்காமல் வேறிடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை டம்ப்பேக்அப் நிரலால் எக்ஸ்எம்எல் நகலும் எடுக்கிறேன். நாளை மரியாடிபியே வேண்டாம் என்றாலும் அதை வேறு விக்கியில் ஏற்றலாம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு குழு நடத்திய பழைய விக்கி எங்களிடம் வந்தது. நகலெடுத்தோம், புதிய சர்வரில் ஏற்றினோம், பழையதை மூடச் சொல்லிவிட்டோம். திறந்து பார்த்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று ஐரோப்பியக் குறிகளாகச் சிதறிக் கிடந்தது. பழைய நாளில் நிறுவிய விக்கி அது. அதன் அட்டவணைகள் தங்களை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான முறை) என்று அறிவித்திருந்தன, உள்ளே இருந்ததோ யூடிஎஃப்8 தமிழ். நகலெடுக்கும் கருவி அறிவிப்பை நம்பி, ஏற்கெனவே சரியாக இருந்ததை மறுபடியும் மாற்றிவிட்டது. நாங்கள் சொல்லியும் அவர்கள் பழைய சர்வரை மூடாமல் இரண்டு நாள் தாமதித்திருந்ததால் தப்பித்தோம். டிஃபால்ட்-கேரக்டர்-செட் என்பதற்கு லத்தீன்1 என்று கொடுத்து மறுபடி எடுத்ததும் பைட்டுகள் மாறாமல் வந்தன. பழைய விக்கியை நீங்கள் பெறுவதாக இருந்தால் ஷோ கிரியேட் டேபிள் பேஜ் என்று கேட்டு, அட்டவணை தன்னை என்னவென்று சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அன்றிலிருந்து புதுப்பிப்புக்கு முன்பும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இதைச் செய்கிறேன். சோதனைக்கென இன்னொரு தரவுத்தளம், இன்னொரு கோப்புறை. நகலை அதில் ஏற்றி, லோக்கல்செட்டிங்ஸின் பிரதியில் தரவுத்தளப் பெயரையும் முகவரியையும் மாற்றுகிறேன். புதிய பதிப்பு என்றால் அதன் கோப்புகளை இங்கே விரித்து ரன்.பிஎச்பி வழியாக அப்டேட் நிரலை ஓட்டுகிறேன். அட்டவணைகளைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது அதுதான். தேடல் பிசகினால் ரீபில்ட்டெக்ஸ்ட்இண்டெக்ஸ் நிரல் தேடலுக்கான சொல் அட்டவணையைப் புதிதாகக் கட்டித் தரும். பிறகு நான்கு பக்கங்களைத் திறக்கிறேன்: படம் உள்ள ஒன்று, மிக நீண்ட தலைப்புள்ள ஒன்று, வார்ப்புருக்கள் நிறைந்த ஒன்று, விக்கியில் முதன்முதலில் எழுதிய சாளை. கடைசிப் பக்கத்தில் வரலாறு என்ற தாவலைச் சொடுக்கி, முதல் நாள் யார் எழுதினார்களோ அந்த வரி வரை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான விக்கியில் கை வைக்கிறேன்.